வேனுக்கு முன்னால் அல்ல, பக்கத்தில்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கத்தியபோது நான் பதில் பேசாமல் இருந்தது கோபத்தினால் இல்லை. உனக்குப் படபடப்பு வந்தால் இங்கிலீஷில் மூச்சுவிடாமல் பேசுவாய். எனக்குப் படபடப்பு வந்தால் வாய் ஒட்டிக்கொள்ளும். இப்படி இரண்டு பேர் போனில் எதைத்தான் பேசி முடிப்பது? அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியில் படித்தது உனக்கு மறந்திருக்காது. எழுத்துக்கூட்டிப் படி, முட்டுகிற இடத்தில் காவ்யாவைக் கேள். இதை உனக்கு மட்டும் அனுப்பவில்லை. இங்கே நியூ ஜெர்சியில் நம் ஊர்த் தமிழர் வாட்ஸ்அப் குழுவில்தானே, இமிக்ரேஷன் ஆட்களின் வேன் அருகே நான் நிற்கிற அந்த வீடியோவைப் போட்டு, "இது யாரோட அம்மான்னு தெரியுதா?" என்று கலிபோர்னியா வரைக்கும் அனுப்பி வைத்தார்கள். அவர்களும் படிக்கட்டும். யோலாண்டா, வில்மர் என்று நான் எழுதப்போகிறவை அவர்களுடைய நிஜப் பெயர்கள் இல்லை. அவர்களிடம் கேட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு திருத்தம். "வேனுக்கு முன்னால போய் நின்னிருக்கியேம்மா, உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டாய். நான் முன்னால் நிற்கவில்லை. பக்கத்தில் நின்றேன், நடைபாதையில், அபார்ட்மெண்ட்காரர்களின் தபால்பெட்டிகள் வரிசையாக இருக்கிற இடத்தில். சில வாரங்களுக்கு முன்னால் எதிர் மாடியிலிருந்து எடுத்த படம் என்பதால் உனக்கு அப்படித் தெரிந்திருக்கிறது. முன்னால் நின்றால் அது தடுப்பது. பக்கத்தில் நின்றால் அது பார்ப்பது. தடுத்தால் நான்தான் தப்பு செய்தவள் ஆவேன். பொது இடத்தில் நின்று பார்க்கவும் படம் எடுக்கவும் இந்த நாட்டில் யாருக்கும் உரிமை உண்டு. இப்படி நிற்பதற்கு எங்களுக்கு நடத்திய பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது இதுதான். உன் அம்மா விதிகளை ஒழுங்காகப் படித்துவிட்டுத்தான் தெருவில் இறங்கினாள். இத்தனை வருஷம் ஆஸ்பத்திரி லேபில் ரத்த மாதிரிக் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டிய கைக்கு ஒழுங்கைத் தவிர வேறு என்ன தெரியும்?

அன்றைக்கு நீ இன்னும் இரண்டு விஷயம் சொன்னாய். ஒன்று, பிளசன்டனில் இருக்கிற உன் வீட்டுக்கு ஒரேயடியாக வந்துவிடுங்கள், கீழ் ரூமை உங்களுக்காகத் தயார் பண்ணியாகிவிட்டது, காவ்யாவுக்குக் குழந்தை பிறந்ததும் அவளுக்கும் துணை. இன்னொன்று, "நாம எல்லாத்தையும் சரியா பண்ணி வந்தோம், அவங்க அப்படி வரலை, இது நம்ம சண்டை இல்லை." முதல் விஷயத்துக்குப் பதில் கடைசியில் வருகிறது. இரண்டாவதற்குப் பதில் சொல்ல, நான் எப்படி இதற்குள் வந்தேன் என்று சொல்லியாக வேண்டும்.

போன இலையுதிர் காலத்தில் ஆரம்பித்தது. நாம் முதன்முதலில் குடியிருந்த அந்த அபார்ட்மெண்ட் இப்போதும் நம் டவுன்ஹவுஸுக்கு எதிரேதான் இருக்கிறது. பாதி வீடுகளில் புதிதாக வந்த நம் ஆட்கள், மீதியில் குவாத்தமாலா, ஹோண்டுராஸ், ஈக்வடார்க்காரர்கள். அந்தப் பக்கம்தான் நான் காலையில் நடக்கப் போவேன். ஸ்கூல் பஸ் நிற்கிற மூலையில் அம்மாக்கள் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு வாரம் பார்த்தால் ஒரு அம்மாவும் இல்லை. குழந்தைகள் மட்டும் பையை மாட்டிக்கொண்டு வரிசையாக நிற்கின்றன, ஒன்றும் பேசாமல். முந்தின வாரம் பக்கத்து ஊரில் பஸ் ஸ்டாப்பிலேயே, பேப்பர் இல்லாதவர்கள் என்று இமிக்ரேஷன் ஆட்கள் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்களாம். அண்ணாந்து பார்த்தேன். மாடி ஜன்னல்களில் திரையை ஒரு விரல் அகலம் ஒதுக்கிவிட்டு அம்மாக்கள் நிற்கிறார்கள். தன் பிள்ளை பஸ் ஏறுவதைப் பார்க்க ஒருத்தி ஒளிந்து நிற்க வேண்டியிருக்கிறது. எனக்கு நடையைத் தொடர மனசு வரவில்லை. பஸ் வரும்வரை அங்கேயே நின்றேன். மறுநாளும் நின்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை.

அப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான் கேரல் வந்தாள். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், உயரமான கறுப்பினப் பெண், தெருவில் காவல் நிற்கிற தொண்டர்களின் மஞ்சள் மேல்சட்டை போட்டிருந்தாள். "நீங்க எங்க குரூப்பா?" என்று கேட்டாள். "இல்லை, நான் எதிர்வீடு" என்றேன். "எதிர்வீடுதான் எங்களுக்கு வேணும்" என்று சொல்லி, பையிலிருந்து ஒரு ஆரஞ்சு விசிலை எடுத்துக் கொடுத்தாள். அந்த வாரமே ஒரு சர்ச் ஹாலில் வகுப்பு. டீச்சர்கள், ஒரு பல் டாக்டர், கல்லூரிப் பிள்ளைகள், வாக்கருடன் வந்த ஒரு கிழவர், நான். தொடாதே, வழி மறிக்காதே, பொய் சொல்லாதே, ஓடாதே. அதிகாரி பின்னால் தள்ளிப் போ என்று சொன்னால் தள்ளிப் போ, போகிறேன் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போ. வண்டி எண்ணைக் குறி, எத்தனை பேர், என்ன உடை என்று குறி. எல்லாவற்றுக்கும் மேலாக, பிடிபடுகிறவரின் பெயரைக் கேள், யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேள். பெயர் தெரியாமல் வண்டியில் ஏறிப் போனவரைத் தேடிக் கண்டுபிடிக்கக் குடும்பத்துக்கு நாள்கணக்கில் ஆகிறது. கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் விசில் ஊதாதே, வதந்தி பரப்பாதே. ஒரு பொய்த் தகவலால் ஒரு தெருவே நாள் முழுக்கச் சாப்பாடு வாங்க வெளியே வராமல் கிடக்கும்.

இந்தக் கடைசி விதியை உன் அம்மா முதல் வாரத்திலேயே மீறினாள். சிரிக்காதே. ஒரு கறுப்பு வண்டி, கண்ணாடியெல்லாம் கறுப்பு, என்ஜினை ஓட விட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் அருகே நின்றது. யோசிக்கவே இல்லை, ஊதிவிட்டேன். கண்ணாடி இறங்கியது. உள்ளே நம் தமிழர் குழுச் செந்தில். கையில் காபி, காதில் ஆபீஸ் மீட்டிங். "என்னக்கா! என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?" என்றான். பொங்கல் விழா வரைக்கும் அதையே சொல்லிக் காட்டினான். விழா பந்தியில் என் எதிரே உட்கார்ந்து, "அக்கா, தப்பா நினைக்காதீங்க. நான் கிரீன் கார்டு லைன்ல இத்தனை வருஷமா நிக்கறேன். வீடு வாங்கியும் ராத்திரி நிம்மதியா தூக்கம் இல்லை. லைன்ல நிக்காதவங்களுக்காக நீங்க போய் நிக்கறீங்க. என் பக்கம் யாரு நிக்கறா?" என்று கேட்டான். எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகத்தான் பட்டது. "நாளைக்கு உன் வாசல்ல வந்தா உனக்காகவும் நிப்பேன் செந்திலு" என்றேன். "நல்லா இருக்குக்கா, நம்ம வாசலுக்கு எதுக்கு வரணும்?" என்று சொல்லிவிட்டுப் பாயசத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். இன்றுவரை அவன் மாறவில்லை. வீடியோவைக் குழுவில் போட்டதும் அவன்தான் என்று நினைக்கிறேன். பரவாயில்லை செந்திலு, நீ படிப்பாய் என்றுதான் இதையும் எழுதுகிறேன்.

உங்கப்பா என்ன சொன்னார் என்று கேட்பாய். "இத பாரு, உன்ற பிரஷருக்கு மாத்திரை தேடி நாந்தான் அலையறேன். குளிர்ல போய் நின்னு விழுந்து கிழுந்து வெச்சீன்னா யாரு பாக்கறது? நம்ம பேரு, நம்ம நிறம், நம்ம இங்கிலீசு, இதையெல்லாம் வெச்சுகிட்டு அவங்க முன்னால எதுக்குப் போய் நிக்கணும்?" என்றார். மூன்று நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் நான் கிளம்பும்போது எழுந்து வந்து கதவருகே நிற்பார். குடியுரிமைக்கு அத்தாட்சியான பாஸ்போர்ட் கார்டு பையில் இருக்கிறதா என்று மட்டும் கேட்பார். எங்களைப் போல வயதானவர்களுக்குள் சம்மதம் இப்படித்தான் வரும், வாயால் வராது.

இனி அந்தக் காலை. பனி கொட்டி ஓய்ந்த மறுநாள். பஸ் வந்து குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது, நானும் வீட்டுக்குத் திரும்பலாம் என்று திரும்பினேன். மூன்றாவது கட்டடத்து வில்மர் தன் வண்டிக் கண்ணாடியில் உறைந்திருந்த ஐஸைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கூரை வேலை செய்கிறவர். மனைவி யோலாண்டாவுக்கு, அவர் வாயில் யோலி, ஒரு ஹோட்டலில் துணி துவைக்கும் பகுதியில் வேலை. தினமும் மூலையில் நின்றதில் அந்த வீட்டோடு எனக்குப் பழக்கம் ஆகியிருந்தது. மகள் எமிலி அப்போதுதான் பஸ்ஸில் போயிருந்தாள். சாம்பல் நிற வேன் ஒன்றும் பெரிய கார் ஒன்றும் உள்ளே வந்து அவர் வண்டியை முன்னும் பின்னுமாக அடைத்து நின்றன. இறங்கியவர்கள் முகத்தை மூடியிருந்தார்கள், மார்பில் குண்டு துளைக்காத சட்டை. இந்த முறை எனக்குச் சந்தேகம் இல்லை. விசிலை எடுத்து நீளமாக ஊதினேன். யாரையோ பிடிக்கிறார்கள் என்றால் நீள ஊதல். அடுத்த வாசலில் நின்ற கேரலின் விசில் பதிலுக்கு வந்தது. பிறகு மேலே எங்கோ ஒரு ஜன்னலிலிருந்து ஒன்று, பின் கட்டடத்திலிருந்து ஒன்று. விசில் யார் யாரிடம் இருக்கிறது என்று அதுவரை எனக்கே தெரியாது.

போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டே தபால்பெட்டி அருகே போனேன். ஒரு கையால் பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். "பேக் அப்" என்றார் ஒருவர். "ஐ ஆம் பேக்கிங் அப்" என்று சொல்லிக்கொண்டே நான்கு அடி பின்னால் வந்தேன். வில்மரின் கைகளைப் பின்னால் கட்டிவிட்டார்கள். ஐஸ் சுரண்டி கீழே கிடந்தது. "வில்மர், முழுப் பெயர் சொல்லுங்க! யாரைக் கூப்பிடணும்?" என்று கத்தினேன். அவர் முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் கத்திச் சொன்னார். அப்புறம், "யோலியை வெளியே வர வேண்டாம்னு சொல்லுங்க!" என்றார். தன்னை வண்டியில் ஏற்றுகிற நேரத்தில் ஒரு மனுஷன் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். அதற்குள் இரண்டு பேர் மாடிப்படி ஏறிப்போய்க் கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஜட்ஜ் கையெழுத்துப் போட்ட வாரண்ட் இல்லாமல் வந்தால் கதவைத் திறக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. அதைச் சொல்ல ஸ்பானிஷில் ஒரு வாக்கியம் வகுப்பில் மனப்பாடம் செய்திருந்தேன். என் ஸ்பானிஷ் ஈரோட்டு ஸ்பானிஷ். இருந்த இடத்திலிருந்தே, தொண்டை கிழியச் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அப்போதுதான் இன்னொருவர் என்னிடம் வந்தார். நீ வீடியோவில் பார்த்துப் பதறியது அந்த இடம்தான். சத்தம் அதில் கேட்கவில்லை என்றாய், சொல்கிறேன். "நீங்க எந்த நாடு?" என்று கேட்டார். "நியூ ஜெர்சி" என்றேன். கிண்டலாகச் சொல்லவில்லை கண்ணு, வாயில் வந்தது அதுதான். "எங்கே பிறந்தீங்க?" என்றார். என் கை தானாகப் பைக்குள் போனது. அங்கே கார்டு இருக்கிறது, எடுத்து நீட்டினால் முடிந்தது. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து யார் என்ன கேட்டாலும் உடனே எடுத்து நீட்டிப் பழகிய கை அது. விமான நிலையத்தில், கார் லைசென்ஸ் ஆபீஸில், உன் பள்ளிக்கூடத்தில், எங்கேயும் ஒரு பேப்பர் கேட்டால் மூன்று பேப்பர் கொடுத்தவர்கள் நாங்கள். பைக்குள் கார்டைத் தொட்டுவிட்டு, கையை வெறுமனே வெளியே எடுத்தேன். "என்னைப் பிடிச்சு வெச்சிருக்கீங்களா, இல்லை நான் போகலாமா?" என்று கேட்டேன். அவர் என் போனைப் பார்த்தார். மறுபடியும் கேட்டேன். "நோ மேம், நீங்க போகலாம்" என்றார். "அப்போ நான் இங்கேயே நின்னு படம் எடுக்கறேன்" என்றேன். அவர் திரும்பி வேனுக்குப் போனார். மாடியில் கதவு திறக்கவில்லை. தட்டியவர்கள் இறங்கி வந்தார்கள். வில்மரை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வண்டிகள் போன பிறகு ஓடி வந்த கேரலின் தோளில் சாய்ந்து அழுதேன், அதையும் மறைக்கவில்லை. ஒரு மனுஷனை என் கண் முன்னால் கொண்டுபோய்விட்டார்கள், என்னால் அதை நிறுத்த முடியவில்லை. கேரல், "அழு, ஆனா பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லிட்டு அழு" என்றாள். சொன்னேன். அவள் அங்கிருந்தே இலவசமாக வாதாடுகிற ஒரு வக்கீலைக் கூப்பிட்டாள். பிடிபட்டவர்களைச் சீக்கிரமே வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். போய்விட்டால் இங்குள்ள வக்கீலுக்கும் கோர்ட்டுக்கும் கை எட்டாது. பெயர் சரியாக இருந்ததால், வேன் எது என்று படத்தில் இருந்ததால், அன்று மாலைக்குள் அந்த வக்கீல் மனு போட்டுவிட்டார். அவரை நியூ ஜெர்சியை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று ஒரு நீதிபதி உத்தரவு போட்டார். நான் மாடி ஏறி யோலாண்டா வீட்டுக்குப் போனபோது அவள் கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். "என் கை தாழ்ப்பாளில் இருந்தது. அவரைப் பார்க்க ஓடத்தான் இருந்தேன். அப்போ உன் சத்தம் கேட்டது. என்ன சொல்றேன்னு பாதி புரியலை, உன் குரல்னு மட்டும் புரிஞ்சது" என்றாள். அன்று எமிலி பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அவளுக்கு அம்மா இருந்தாள்.

யோலாண்டா அவரைத் தடுப்புக்காவலில் போய்ப் பார்க்க முடியாது, போனால் அவளும் உள்ளே. அதனால் நான் போனேன். நெடுஞ்சாலையில் பனியில் ஓட்ட எனக்குப் பயம் என்று உனக்குத் தெரியும். உங்கப்பா கார் சாவியை எடுத்தார். வெளியிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று வந்தவர், உள்ளே போகும் நேரத்தில் தானும் வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வில்மர், இந்தப் பக்கம் நாங்கள், நடுவில் ஒரு போன். எமிலிக்குப் பல் விழுந்ததைச் சொன்னேன், யோலாண்டா சமைத்ததைச் சொன்னேன். பிறகு போனை உங்கப்பாவிடம் கொடுத்தேன். அவரும் கொஞ்சம் பேசிவிட்டு வைத்தார். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்காமல், "ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு வந்திருக்கீங்களே, சாப்டீங்களான்னு கேக்கறான். கைதியா உக்காந்துட்டு என்னைக் கேக்கறான்" என்றார். அதற்குப் பிறகு எந்த வாரமும் அவரை நான் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. குளிர் குறையும் சமயத்தில் வில்மரைப் பிணையில் விட்டார்கள். இளைத்துப்போய், காலில் ஒரு கண்காணிப்புக் கருவியோடு வந்தார். வழக்கு இன்னும் நடக்கிறது. தோற்கவும் தோற்கலாம். ஆனால் இப்போது வீட்டில் இருக்கிறார், வக்கீலோடு உட்கார்ந்து பேசுகிறார், மகளோடு சாப்பிடுகிறார்.

இதை மட்டும் சொன்னால் ஜெயித்த கதை மாதிரி இருக்கும். அதே கட்டடத்தில் கீழ்வீட்டுப் பையன் ஒருவன், கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை. வேலைக்குப் போன இடத்தில், ஒரு பார்க்கிங் லாட்டில் பிடித்தார்கள். பக்கத்தில் யாரும் இல்லை, யாரும் பார்க்கவில்லை, பெயரைக் கேட்க ஆள் இல்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று கண்டுபிடிப்பதற்குள் தெற்கே கொண்டுபோய், நாட்டை விட்டே அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் கிளம்பிப் போனாள். வீடு காலியாகக் கிடக்கிறது. இரண்டு பேருக்கும் சட்டம் ஒன்றுதான். ஒருவருக்குப் பக்கத்தில் நிற்க ஆள் இருந்தது, இன்னொருவனுக்கு இல்லை. நீ "போய் நின்னு என்ன ஆகப்போகுது?" என்று கேட்டாயே, இதுதான் ஆகிறது.

இனி நீ சொன்ன அந்த வார்த்தை. நாம எல்லாத்தையும் சரியா பண்ணி வந்தோம். கண்ணு, உனக்கு ஆறு வயதில், இதே அபார்ட்மெண்டில் ஒரு விளையாட்டு விளையாடினோமே, நினைவிருக்கிறதா? காலிங் பெல் அடித்தால் டிவியை அணைத்துவிட்டு மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் சோபாவுக்குப் பின்னால் உட்கார வேண்டும். யார் கடைசிவரை சிரிக்காமல் இருக்கிறார்களோ அவர்களுக்கு ஒரு சாக்லேட். எப்போதும் நீதான் ஜெயிப்பாய். அது விளையாட்டு இல்லை. உங்கப்பாவுக்கு அப்போது வேலை போய்விட்டது. அந்தக் காலத்தில் விசாக்காரருக்கு வேலை போனால் இங்கே இருக்கிற உரிமையும் அன்றோடு போய்விடும், இப்போது கொடுக்கிற அவகாசம்கூடக் கிடையாது. கணக்குப்படி நாம் ஊருக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. உன் பள்ளி, தாத்தா ஆபரேஷனுக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்தது, அடுத்த வாரம் வேலை கிடைத்துவிடும் என்கிற நம்பிக்கை. அப்படியே ஒரு குளிர்காலம் ஓடியது. பிறகு ஒரு கம்பெனி கிடைத்தது, அந்த இடைவெளியை மன்னிக்கச் சொல்லி அவர்களுடைய வக்கீல் எழுதிக் கேட்டார், ஒரு அதிகாரி பெரிய மனசு பண்ணிச் சரி என்றார். அவர் முடியாது என்றிருந்தால் நீ இன்றைக்கு எங்கே இருந்திருப்பாயோ. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது வெட்கத்தினால் இல்லை. உனக்குக் கால் ஊன்ற உறுதியான தரை வேண்டும் என்று நினைத்தோம். இப்போது உனக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது, தரை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்கிற வயது வந்துவிட்டது. நாம் லைனில்தான் நின்றோம். லைன் நடுவில் அறுந்தது. பிடித்துக்கொள்ள நமக்கு ஒரு கம்பெனி இருந்தது, வில்மருக்கு இல்லை. எனக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதே. குடியுரிமை வாங்கினவள்தான், ஆனாலும் அந்த மனிதர் "எங்கே பிறந்தீங்க?" என்று கேட்டபோது, அத்தனை வருஷமும் ஒரு நொடியில் இல்லாமல் போனது போல இருந்தது. அடுத்த தடவை நிலைமை இதைவிட மோசமாகலாம். அதற்கும் ஏற்பாடு செய்துதான் வைத்திருக்கிறேன். என் மாத்திரை விவரம் கேரலிடம் இருக்கிறது, வக்கீல் நம்பரைக் கையில் எழுதிக்கொண்டுதான் போகிறேன், தனியாக நிற்பதே இல்லை. ஆனால் பயந்து வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்த குளிர்காலம் ஒன்று எனக்குத் தெரியும். வெளியே நின்று பயப்படுகிற இந்தக் குளிர்காலமும் தெரிந்துவிட்டது. வெளியே நிற்பதுதான் எனக்கு முடிகிறது. உன் உடம்பில் உள்ள பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று காவ்யா கேட்டால் இதைக் காட்டு.

உன்னையும் விசிலை எடுத்துக்கொண்டு தெருவில் நில் என்று சொல்லமாட்டேன். உனக்கு வேலை, வரப்போகிற குழந்தை, எல்லாம் தெரியும். ஒன்று செய். உன் வீட்டுக்கு இரண்டு பக்கமும் யார் இருக்கிறார்கள், புல் வெட்ட வருகிறவர் பெயர் என்ன, குழந்தைக்கு நீ பார்த்து வைத்திருக்கிற டேகேரில் சமைக்கிற அம்மா எந்த ஊர், இதைத் தெரிந்துகொள். பெயர் தெரிந்த ஆளுக்கு ஒன்று நடந்தால் உன்னால் சும்மா இருக்க முடியாது. அதற்கு மேல் என்ன செய்வது என்று உனக்கே தோன்றும், நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏப்ரலில் வருகிறோம். பிரசவத்துக்கு முன்னாலேயே வந்து, காவ்யாவுக்குப் பத்தியம் சமைத்துப்போட்டு, குழந்தையைக் குளிப்பாட்டி, அவள் உடம்பு தேறும்வரை இருக்கிறோம். அந்தக் கீழ் ரூமில் நாங்கள் நன்றாகத் தூங்குவோம். ஒரேயடியாக வருவதைப் பற்றி உங்கப்பாவிடம் நீ தனியாகவும் பேசினாய் என்று தெரியும். "பையன் கூப்பிடறான், என்ன சொல்லட்டும்?" என்று அவரும் என்னைக் கேட்டார். நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டேன். இன்று காலை காபியோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தவர், திரும்பாமலே கேட்டார்: "இத பாரு, ரிட்டர்ன் எந்த வாரம் போடட்டும்? ஜூன் கடைசிக்குள்ள வந்தாத்தான் வில்மர் கோர்ட் தேதிக்கு நான் கார் ஓட்ட முடியும்."

போட்டுவிட்டார்.

அம்மா